சும்மா ஓடுகிறவன்

தமிழில் ஓட்டத்தைச் சுற்றிக் கிடக்கிற சொற்களைக் கொஞ்சம் பொறுக்கிப் போட்டுப் பாருங்கள். ஓடுகாலி. ஓடிப்போனவள். ஊரைவிட்டு ஓடினவன். ஓட ஓட விரட்டினான். தலைதெறிக்க ஓடினான். எல்லாம் ஒன்று வசவு, இல்லாவிட்டால் பயம். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் ஆற்றுப்படை நூல்களில் நடந்து நடந்து தேய்வதைப் படித்தேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் நடக்கிறார்கள். அவர்களுக்கு மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வழி சொல்லும்போது வருகிற கொடும்பை, எங்க விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கொடும்பாளூர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நடப்பவர்களுக்கு இலக்கியத்தில் இடம் இருக்கிறது. ஒருத்தன் எந்தக் காரணமும் இல்லாமல், உடம்புக்கு நல்லா இருக்கு என்று ஓடினான் என நான் படித்த பாடத்தில் எங்கேயும் இல்லை.

ஊரிலும் இல்லை. காலனியிலிருந்து ஒருத்தன் விடியற்காலையில் ஓடினால் ஊர் மூன்று காரணத்தைத்தான் ஒத்துக்கொள்ளும். போலீஸ் செலக்‌ஷன், சர்க்கரை வியாதி, திருட்டு. ஒரு டீக்கடைப் பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார்.

“என்னடா, செலக்‌ஷனா?”

“இல்லைங்க.”

“சுகரு வந்துருச்சா?”

“இல்லைங்க.”

“பின்ன எதுக்குடா ஓடுற?”

“சும்மாதாங்க.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் திருட வந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. சும்மா என்பது அவர் பேரனுக்கு உரிய சொல். அவன் சும்மா பைக் ஓட்டலாம், சும்மா கிரிக்கெட் ஆடலாம், சும்மா பாலத்தில் உட்கார்ந்திருக்கலாம். எங்க ஆளு ஒருத்தன் ஓடினால் அதில் ஒரு வேலை இருக்க வேண்டும், யாருக்காவது பிரயோசனம் இருக்க வேண்டும். எங்கள் உடம்பு எங்களுடையது என்று இன்னும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு வயது 36. விராலிமலை ஒன்றியத்தில் ஒரு காலனியில் பிறந்து அங்கேயே இருக்கிறவன். மயானப் பாதைக்கு மனு எழுதுவது, வன்கொடுமை வழக்கில் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைவது, ராத்திரிப் பள்ளி நடத்துவது, அவ்வப்போது இது மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுவது. இதுதான் என் பிழைப்பு. இதற்கு நடுவே ஏழு வருஷமாக ஓடுகிறேன். பெரிய ஓட்டக்காரன் கிடையாது. ஜனவரியில் சென்னையில் நடக்கிற ஓட்டத்தில் 21 கிலோமீட்டரை இரண்டு மணி நாலு நிமிஷத்தில் முடித்தேன். எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் முடித்திருப்பார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆடி முடிந்து காற்று குறைந்தால் நெடுந்தூர ஓட்டங்கள் தொடங்கும். தை, மாசி வரைக்கும் ஏதாவது ஒரு நகரத்தில் நடந்துகொண்டே இருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி நாலு மாசமும் வெயில். பெரிய போட்டி இருக்காது. இதற்கு ஆஃப் சீசன் என்று பெயர். ஓட்டக்காரர்களிடம் கேட்டால் இந்த நாலு மாசம்தான் முக்கியம் என்பார்கள். சீசனில் தெரிகிற வேகமெல்லாம் இந்தச் சும்மா இருக்கிற காலத்தில் சேர்த்து வைத்ததுதான்.

எங்க அப்பாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. விராலிமலைப் பக்கம் மானாவாரி பூமி. செம்மண்ணும் பாறையும் முள்ளும். கண்மாயில் தண்ணி நின்றால் நெல்லு, இல்லாவிட்டால் கடலை, சோளம், கம்பு. அறுப்பு முடிந்தால் கூலிக்காரனுக்கு வேலை கிடையாது. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் அப்பாயி வாழ்ந்த ஆஃப் சீசனுக்குப் பெயர் பட்டினி. “வேலையில்லாத மாசத்துல கெழங்கு நோண்டித் தின்னோம், சப்பாத்திப் பழம் பறிச்சுத் தின்னோம். நீ அதே மாசத்துல ஓடி ஓடி வேர்வைய வீணாக்குற” என்று சொல்லும். கென்யா நாட்டு ஓட்டக்காரர்கள் காலையில் ஓடிவிட்டு, மத்தியானம் தூங்கி, சாயங்காலம் மறுபடி ஓடுவார்கள், அந்தத் தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான் என்று ஒரு நாள் சொன்னேன். “தூங்குறதுக்குமா காசு குடுக்குறான்?” என்று கேட்டது. கொடுக்கிறான் அப்பாயி. உலகத்தில் அப்படியும் ஒரு தொழில் இருக்கிறது.

*

எங்க குடும்பத்தில் நான் முதல் ஓட்டக்காரன் இல்லை. அப்பாயியின் புருஷன், எங்க தாத்தா, கேதம் சொல்லப் போன ஆள். ஊர்த்தெருவில் யாராவது செத்தால் சம்பந்தி வீடு, பங்காளி வீடு, பொண்ணு கட்டிக்கொடுத்த வீடு எல்லாத்துக்கும் சேதி போக வேண்டும். போன் இல்லாத காலம். ராத்திரி எந்த நேரமானாலும் சேரிக்கு வந்து கூப்பிடுவார்கள். தாத்தா இலுப்பூர், அன்னவாசல், அந்தாண்ட மணப்பாறை என்று கிளம்புவார். பாதி நடை, பாதி ஓட்டம். பிணம் எடுப்பதற்குள் சொந்தக்காரர்கள் வந்தாக வேண்டும் என்பதால் நேரத்துக்குக் கணக்கு உண்டு. தாமதமானால் ஏச்சு, சில நேரம் அடி.

போன இடத்தில் தெருவுக்குள் போகக் கூடாது. தெரு முனையில் நின்று சத்தம் போட்டுச் சேதி சொல்ல வேண்டும். சேதி கேட்டு வீட்டுக்காரர்கள் அழும்போது இவர் அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் நெல்லோ சில்லறையோ கீழே வைப்பார்கள். தண்ணி கேட்டால் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள், அல்லது கையை ஏந்தச் சொல்வார்கள். குடித்துவிட்டு அடுத்த ஊர். திரும்பி வந்ததும் உட்கார முடியாது. பறையடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், காடு வரைக்கும் கூடப் போக வேண்டும்.

ஒரு ராத்திரியில் தாத்தா எத்தனை மைல் போனார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நிறுத்துக் கடிகாரம் பிடித்து யாரும் நிற்கவில்லை. பழைய நாட்டின் அஞ்சலோட்டக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சேரிகளிலிருந்து செத்தவன் சேதியைச் சுமந்து ஓடிய கால்களை எந்த விளையாட்டு வரலாறும் சேர்த்துக்கொள்ளவில்லை. தாத்தா கடைசிக் காலத்தில் இரண்டு முட்டியும் வீங்கிப் படுத்துக் கிடந்தார். அந்த முட்டிக்கு ஒரு வாரம்கூட ஆஃப் சீசன் கிடைத்தது கிடையாது.

*

ஆஃப் சீசன் பயிற்சியைப் பற்றி நான் படித்ததில் எனக்குப் பிடித்த ஆள் ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்துக்காரர், ஆக்லாந்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விளையாட்டுக் கல்லூரிப் பட்டமெல்லாம் கிடையாது. தன் உடம்பையே சோதனைக் கூடமாக வைத்து, மெதுவாக நிறையத் தூரம் ஓடினால் என்ன ஆகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். பிறகு தன் பகுதிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டார். வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மேடு பள்ளமான மலைப்பாதையில் 22 மைல். இந்தப் பையன்களில் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டர் ஓடுகிறவர். ஒண்ணேமுக்கால் நிமிஷத்தில் முடிகிற ஓட்டத்துக்கு எதற்கு வாரம் நூறு மைல் என்று எல்லோரும் கேட்டார்கள். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஸ்நெல் 800 மீட்டரிலும், கொஞ்ச நேரத்திலேயே முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். இரண்டு பேரும் லிடியார்டின் ஆட்கள். அதே ஒலிம்பிக்கில் இன்னொரு சீடர் பாரி மகீ மராத்தானில் வெண்கலம் வாங்கினார்.

செருப்பு வேலை செய்த ஒரு மனுசன் உலகத்துக்கே ஓடக் கற்றுக்கொடுத்தான் என்று எங்க ராத்திரிப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வேன். அந்த நாட்டில் செருப்பு தைப்பதற்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். அவருடைய கை செய்த வேலை அவர் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டவில்லை.

லிடியார்டின் முறை எளிமையானது. முதலில் பல வாரம் நிதானமான ஓட்டம். அடுத்து மேட்டில் ஏறுகிற பயிற்சி. அதற்கப்புறம்தான் வேகம். வீடு கட்டுகிற மாதிரி, கடைக்கால் போடாமல் சுவர் எழுப்பக் கூடாது. நிதானமாக ஓடும்போது இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தம் கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்லுக்குள் சக்தி உண்டாக்குகிற மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. நுரையீரலும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். அதனால்தான் அவசரப்படுகிறவன் காலை உடைத்துக்கொள்கிறான். இன்றைக்குப் பெரிய ஓட்டக்காரர்களும் தங்கள் ஓட்டத்தில் ஐந்தில் நாலு பங்கை இப்படி நிதானமாகத்தான் ஓடுகிறார்கள்.

என்னுடைய நாலு மாசம் இப்படிப் போகிறது. மாசியில் கடைசிப் போட்டி முடிந்ததும் இரண்டு வாரம் ஓட்டமே கிடையாது. அப்புறம் வாரத்துக்கு நாலு நாள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் நிற்க விடாது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம். கூட ஒருத்தர் ஓடினால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வர முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். வாரத்தில் ஒரு நாள் பாறை மேட்டில் ஏறி இறங்குவது. இரண்டு நாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுவது, படியில் நுனிக்காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. குடிக்க உப்புப் போட்ட நீராகாரம். வெயிலில் பத்துப் பதினாலு நாள் தொடர்ந்து நிதானமாக உழைத்தால் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது; ரத்தத்தில் நீர் கூடுகிறது, வேர்வை சீக்கிரம் வருகிறது, அதில் உப்பு குறைவாகப் போகிறது. இதை விஞ்ஞானம் அளந்து சொல்லியிருக்கிறது. சித்திரை வெயிலில் கல்லுடைத்த, செங்கல் சுமந்த எங்க சனங்களின் உடம்புக்கு இது எப்போதோ தெரியும். அவர்களை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

மேடு என்றதும் விராலிமலை முருகன் கோயில் படிக்கட்டு இருக்கிறதே, அதில் ஏறலாமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். அது சாமி கும்பிடப் போகிற படி, அங்கே நான் ஓடுவதில்லை. ஆனால் அந்தப் படியை நினைக்கும்போதெல்லாம் 2022இல் பத்மஸ்ரீ வாங்கிய முத்துக்கண்ணம்மாள் அம்மா ஞாபகம் வருகிறது. விராலிமலைச் சதிர் மரபின் கடைசிக் கண்ணி. சின்ன வயசில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டு, தினம் தினம் அந்தப் படி ஏறிப் பாடி ஆடியவர். உழைக்கிற உடம்பை ஊர் முதலில் பயன்படுத்தும், பிறகு மறக்கும், கடைசியில் எப்போதாவது சால்வை போடும்.

*

நிதானமாக ஓடுவது சுலபம் என்று நினைப்பீர்கள். சாதித் தெருவில் அதுதான் கஷ்டம். வேகமாக ஓடினால் யாரென்று பார்ப்பதற்குள் தாண்டிவிடலாம். மெதுவாக ஓடுகிறவனை எல்லோரும் பார்க்க முடியும், நிறுத்திக் கேட்க முடியும். எங்க காலனியிலிருந்து வடக்கே போகிற தார் ரோடு பக்கத்து ஊருக்குள் புகுந்துதான் போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் மறித்தார்.

“யார்ரா நீ? எந்த ஊரு?”

சொன்னேன்.

“அந்த ஊருல எந்தப் பக்கம்?”

நம்ம நாட்டில் இந்த இரண்டாவது கேள்விதான் கேள்வி. முதல் கேள்வி அதற்கு வாசப்படி.

“காலனிங்க.”

“கம்மாக்கரை வழியா ஓட வேண்டியதுதானே? பொம்பளைங்க வாசத் தெளிக்கிற நேரத்துல ட்ரவுசரைப் போட்டுக்கிட்டு வர்றே.”

“இது பஞ்சாயத்து ரோடுங்க.”

“ரோடு பஞ்சாயத்துதுதான். தெரு எங்களுது.”

அவருடைய வீட்டுப் பையனும் அதே ட்ரவுசரில்தான் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். நான் சண்டை போடவில்லை. அன்றைக்கிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அந்த வழியாகத்தான் போகிறேன், ஏழரை நிமிஷ வேகத்தில். அந்தத் தெருவில் இப்போது சிலர் தலையாட்டுகிறார்கள், சிலர் காறித் துப்புகிறார்கள். ஒரு ஆயா மட்டும் “இன்னைக்கு ஏம்ப்பா லேட்டு?” என்று கேட்கும்.

செருப்பு விஷயத்தையும் பேசியாக வேண்டும். வெறுங்காலோடு ஓடுவது இயற்கையானது, ஷூவெல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி என்று நகரத்தில் ஒரு பேச்சு உண்டு. உடனே அபேபே பிகிலாவைச் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானில் எத்தியோப்பியாவின் பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிஷம் 16 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினார், உண்மை. கொடுத்த ஷூ காலுக்குச் சேரவில்லை, அதனால் கழற்றினார். நாலு வருஷம் கழித்து 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிஷம் 11 நொடியில் ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் சொல்வதில்லை.

எங்களுக்கு வெறுங்கால் தத்துவம் கிடையாது, சட்டம். 1930 டிசம்பரில் பக்கத்து ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்டவர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. ஹட்டன் தன் புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். எங்க அப்பா காலத்திலும் ஊர்த்தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். அதனால் நான் முதன்முதலில் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஷூ வாங்கியபோது அது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் காலை எடுத்து வைக்கும்போது கேட்கிற ‘தப்புத் தப்பு’ சத்தத்தைத் தாத்தாவும் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

தண்ணியும் அப்படித்தான். கோடையில் ஓடுகிறவனுக்கு முதல் தேவை தண்ணி. நகரத்து நண்பர்கள் பாட்டில் சுமக்காதே, வழியில் வாங்கிக் குடி என்று யோசனை சொல்வார்கள். 2022 டிசம்பரில் எங்க மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அந்தப் பக்கத்து டீக்கடையில் இரட்டைக் குவளையையும் பார்த்தார்கள். அந்தச் சேதி வந்த பிறகு எங்க பக்கத்தில் எந்தக் குழாயில் வாயை வைத்தாலும் ஒரு கணம் நெஞ்சு நிற்கிறது. என் இடுப்பில் தொங்குகிற பாட்டிலுக்குப் பயிற்சிப் புத்தகத்தில் சொல்லாத காரணமும் உண்டு.

*

தொழில்முறை ஓட்டக்காரர்களை நான் விடாமல் பார்க்கிறவன். பெரிய மராத்தான் நடக்கிற நாளில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். 2022இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிஷம் 9 நொடி ஓடியதைப் பார்த்தேன். 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 நொடியில் 42 கிலோமீட்டரை முடித்தான். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிஷம் 51 நொடி வருகிறது. நாலு மாசத்தில், 2024 பிப்ரவரியில், 24 வயசில் கார் விபத்தில் செத்துப்போனான். முன்னே பின்னே தெரியாத அந்தப் பையனுக்காக அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் உலகத்தின் முன்னால் போய் நிற்கிற விளையாட்டுகள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. மட்டையும் வேண்டாம், குதிரையும் வேண்டாம்.

எங்கோ இருக்கிற ஆப்பிரிக்காவைப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டமே நெடுந்தூர ஓட்டக்காரர்களின் மாவட்டம். இங்கே உருவான சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். லட்சுமணன் 2017இல் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வாங்கினார். 2018இல் ஜகார்த்தாவில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். வளைவில் கோட்டுக்கு உள்ளே கால் பட்டது என்று வெண்கலத்தை எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் ஓடி, ஒரு அடி தப்பி, பதக்கம் போனது. விதி விதிதான். ஆனாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைக்காதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதைப் பார்க்க என்னவோ செய்தது.

அவர்களுக்கெல்லாம் முன்னால் சாந்தி.

கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள், நம்ம வீட்டுப் பிள்ளை. ஓடக் கற்றுக்கொடுத்தது அவருடைய தாத்தா. பதின்மூன்று வயசில் குடிசைக்கு வெளியே இருந்த மண்தரையில் ஓடவிட்டு, ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்த தாத்தா. 2005இல் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிஷம் 3.16 நொடியில் மறுபடியும் வெள்ளி. நான் அப்போது பிளஸ் டூ. எங்க தெரு டி.வி. முன்னால் கூட்டம் கூடி நின்றது. கொஞ்ச நாளில் அதே டி.வி.யில், பாலினப் பரிசோதனையில் தேறவில்லை, பதக்கம் பறிப்பு என்று செய்தி வந்தது. ஒரு பெண்ணின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை நாடு பூராவும் டீக்கடையில் உட்கார்ந்து பேசியது. அவர் பக்கம் நின்று வாதாட அன்றைக்கு எந்தச் சங்கமும் வரவில்லை. மறுவருஷம் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்.

அப்போதைய முதல்வர் கலைஞர் கொடுத்த 15 லட்சம் ரூபாயை என்ன செய்தார் என்று பாருங்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் தீர்ந்தது. 2012இல் அவர் தினக்கூலி 200 ரூபாய்க்குச் செங்கல் சூளையில் வேலை பார்ப்பதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஆசியாவின் இரண்டாவது வேகமான பெண்ணுக்கு இந்த நாடு கொடுத்த ஆஃப் சீசன் அது. அப்பா அம்மா கல் சுமந்த அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கப்புறமும் எழுந்து, 2013இல் பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016இல் அரசு விளையாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை வாங்கினார். பதக்கம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் அதே மாதிரி ஒதுக்கப்பட்டபோது வக்கீல் வைத்து வாதாடி, 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் அந்த விதிக்கே தடை வாங்க முடிந்தது. சாந்திக்கு 2006இல் அந்த வழி இருப்பதையே யாரும் சொல்லவில்லை. இப்போது 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளக் கூட்டமைப்பு பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லோருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சோதனையின் முடிவு வருகிற நாளில் அந்தப் பெண் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போவாள், யார் அவள் கூட நிற்பார்கள் என்பதை எந்த விதியும் எழுதவில்லை. அடுத்த சாந்தி எங்கள் காலனியிலிருந்து வந்தால் இந்தக் கேள்வி எங்கள் வாசலில் வந்து நிற்கும்.

*

ஓய்வு என்பதை நாம் இன்னும் ஒரு உரிமையாகப் பேசத் தொடங்கவில்லை. நிலம் கேட்டோம், கூலி கேட்டோம், கோயில் கேட்டோம், படிப்பும் வேலையும் கேட்டோம். சும்மா இருக்கிற நேரத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். கேட்டால் சோம்பேறி என்பான். அம்பேத்கர் கூச்சப்படவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது, தொழிற்சாலை வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கிற மசோதாவைக் கொண்டு வந்தார். சம்பளத்தோடு விடுமுறை என்பதைச் சட்டத்துக்குள் கொண்டு வந்ததிலும் அவர் கை இருக்கிறது. மனிதன் மிருகத்திலிருந்து வேறுபட்டு வாழ ஓய்வு நேரம் வேண்டும், அதற்காகவே இயந்திரம் வேண்டும் என்று காந்திக்கு எதிராக வாதாடியவர் அவர். ஓட்டக்காரனுக்கு ஓய்வில்தான் தசை வளர்கிறது என்று நவீனப் பயிற்சி சொல்கிறது. சமூகத்துக்கும் அப்படித்தான்.

எங்க காலனியில் இப்போது பதினோரு பேர் காலையில் ஓடுகிறார்கள். ஏழு பையன்கள் போலீஸ் செலக்‌ஷனுக்கு. 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். அறிவிப்பு வந்ததும் கண்மண் தெரியாமல் ஓடிக் காலை முறித்துக்கொண்டு, கிரவுண்டில் நொண்டி, வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் அறிவிப்பு வராத மாசத்திலேயே தொடங்கச் சொல்கிறேன். மெதுவா ஓடுங்கடா, பேசிக்கிட்டே ஓடுங்கடா என்கிறேன். முதலில் சிரித்தார்கள். போன வருஷம் மூணு பேர் அந்த ஓட்டத்தில் தேறிய பிறகு சிரிப்பதில்லை.

மீதி நாலு பேரும் பொண்ணுங்க. அதில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை எதற்கும் தயார் செய்யவில்லை. அம்மா தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர். “ஓடும்போது தலைக்குள்ள ஒண்ணும் இல்லாம இருக்குண்ணா, அதான் ஓடுறேன்” என்று சொன்னது. அதைவிடச் சரியான காரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ரோட்டில் ஓட முடியாது. லாரி, நாய், வாய்ச்சொல் மூன்றும் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானம் ஊர்த்தெருவுக்கு அந்தாண்ட இருக்கிறது, சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள்.

காலனிக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கர் புறம்போக்கு சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, சுற்றி 300 மீட்டருக்கு மண்பாதை போட்டு, ஒரு குழாயும் இரண்டு விளக்கும் வைத்துக் கொடுங்கள் என்று இந்தச் சித்திரையில் மனு கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அப்பாயி கைநாட்டு வைத்தது. எழுதும்போது ஒரு தோழர், போலீஸ் வேலை, ராணுவம், உடல்நலம் என்று ஏதாவது போடுங்க, இல்லைன்னா தூக்கிப் போட்டுருவான் என்றார். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் அந்த ஒன்பதாவது பிள்ளை சொன்னபடிதான் எழுதினோம். கோரிக்கைக்கான காரணம் என்ற இடத்தில், ஓடுவதற்கு.